பின்வாசல் இல்லாத பனிக்குடில்

மாமா,

இன்று காலை கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில், இறால் வைப்பதற்காகப் புதிதாகக் கட்டிய குளிர் அறை ஒன்றைச் சோதிக்கப் போயிருந்தேன். இப்போது என் வேலை அதுதான். ஓர் ஆளை உள்ளே நிறுத்திக் கதவை வெளியிலிருந்து சாத்தி, அவர் தானாக வெளியே வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நானே உள்ளே நின்றேன். கதவு மூடியதும் துறைமுகத்தின் இரைச்சல் பட்டென்று அறுந்துபோனது. இருட்டில் கதவோரம் பச்சையாக ஒரு குமிழ் மட்டும் ஒளிர்ந்தது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். நான் தள்ளவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வெளியே இருந்தவர்கள் பயந்துபோய்க் கதவைத் தட்ட ஆரம்பித்த பிறகுதான் தள்ளினேன்.

"என்னாச்சு மேடம்? பட்டன் வேலை செய்யலையா?" என்றார் ஃபிட்டர்.

"வேலை செய்யுது" என்றேன். செத்த மீனுக்காகக் கட்டும் அறையில்கூட உயிரோடு இருப்பவன் வெளியே வர ஒரு வழி வைக்கிறோம். நீங்கள் கேட்டபோது நான் வைக்கவில்லை.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. இதை நீங்கள் இருக்கும்போதே, சிதம்பரத்தில் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதில்லை. அக்காவை நீங்கள் கட்டிக்கொண்டபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பனிமலையில் இருந்து நீங்கள் அக்காவுக்கு எழுதுகிற இன்லண்டு கடிதத்தின் கடைசி மடிப்பில் எனக்கென்று நாலு வரி இருக்கும். ஒரு முறை எழுதியிருந்தீர்கள்: "இங்கே பங்கருக்குள் மண்ணெண்ணெய் அடுப்புதான் எங்களுக்குச் சூரியன். ஆனால் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. நீ இன்ஜினியர் ஆனதும் இதற்கு ஏதாவது செய்." விளையாட்டாக எழுதியதுதான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்து, குளிர் அறைகளுக்குப் பலகை செய்கிற எங்கள் நிறுவனத்துக்கு, மலை உச்சிக் காவல்முகாம்களில் வீரர்கள் தங்கும் குடில்களைச் செய்து தர முடியுமா என்ற விசாரணை வந்தபோது, அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் நான்தான். வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாத பலகை, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விடாதுதானே. அவ்வளவுதான் அதன் அடிப்படை.

அந்த வருடம் லீவில் வந்திருந்தீர்கள். பண்ருட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட பலாப்பழத்தை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நீங்கள் அறுத்தீர்கள். நான் எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். சுளையைக் கொட்டை நீக்கி என் பக்கம் தள்ளியபடியே பேசினீர்கள்.

"மண்ணெண்ண டின்னு ஒவ்வொண்ணும் ஆளு முதுகுல, கோவேறு கழுத முதுகுலதான் மேல ஏறி வருது பாப்பா. வர்ற வழியில ரெண்டு எடத்துல எதிர்ல இருக்கறவனுக்கு நாம அப்படியே தெரிவோம். டின்னு கொறைஞ்சா ஆளு நடக்கறது கொறையும். அதவிட என்னா பாதுகாப்பு வேணும்?"

"ஜெனரேட்டர் வச்சா?"

"அது ஓடுச்சுன்னா காவல் நிக்கற செண்ட்ரிக்குக் காது கேக்காது. பனி மூட்டத்துல கண்ணு எங்க தெரியுது? அவனுக்குக் காதுதான் எல்லாம். சத்தம் போடாத கரண்டு எதனா இருந்தா குடு."

சத்தம் போடாத மின்சாரம் என்றால் சூரியத் தகடும் மின்கலமும்தான். தகட்டை எந்தப் பக்கம் சாய்த்தால் அதன் பளபளப்பு எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது என்பதைக்கூட நீங்கள்தான் பலாச்சுளையைச் சாய்த்துக் காட்டிச் சொன்னீர்கள். இரண்டு மாதம் கழித்து நிறுவனத்தில் நான் திரையில் படங்கள் போட்டு விளக்கியபோது, இதெல்லாம் என் சொந்த ஆராய்ச்சி போலத்தான் பேசினேன். கைதட்டினார்கள். உங்களிடம் கேட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது சின்ன விஷயம் என்று அப்போது நினைத்தேன். ஒருவர் சொன்னதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளப் பழகியவளுக்கு, அவர் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று எழுதுவது அதற்கடுத்த படிதான்.

குடில் தயாரானது. தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையின் முற்றத்தில் ஒன்றை நிறுத்தினோம். பார்க்க உங்கள் படைப்பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். கூட ஒரு சுபேதாரும் வருவார், அந்த முகாமில் மூன்று குளிர்காலம் இருந்தவர், பக்கத்து ஊர்க்காரர்தான் என்றார்கள். அது நீங்கள். முதல் நாள் நான் உங்களுக்கு போன் செய்தேன்.

"மாமா, நாளைக்கு அங்க நாம சொந்தம்னு காட்டிக்க வேணாம். தப்பா நெனப்பாங்க."

"சரி பாப்பா. அதுக்கென்னா" என்றீர்கள்.

தப்பாக நினைப்பார்கள் என்பது பாதி உண்மை. மீதி உண்மையை இப்போதாவது சொல்கிறேன். அதிகாரிகளுக்கு நடுவில் நிபுணராக நிற்கப்போகிறவளை, ஒரு சுபேதார் "பாப்பா" என்று கூப்பிடுவதை நான் விரும்பவில்லை. மறுநாள் முழுக்க நீங்கள் என்னை "மேடம்" என்றே கூப்பிட்டீர்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் தேர் பார்த்தவள் நான்.

அன்று நீங்கள் குடிலைச் சுற்றி வந்தீர்கள். பலகையைத் தட்டிப் பார்த்தீர்கள். உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். பலகைக்கும் பலகைக்கும் எப்படி இணைப்பு என்று ஃபிட்டரைக் கேட்டீர்கள். அவர் உள்பக்கத்தில் ஒரு மூடியை நீக்கி, அறுகோணச் சாவியை விட்டுத் திருப்பி, கொக்கி மாட்டுவதையும் கழல்வதையும் காட்டினார். "இந்தச் சாவி ஒண்ணு எனக்குக் குடுங்க" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அதிகாரி, சுபேதாரை மரியாதையாக அழைக்கும் முறையில் உங்களைப் பார்த்து, "சாப், என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குது சார். ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கி அவரிடம் இந்தியில் விளக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னீர்கள். "வாசல் ஒண்ணுதான் இருக்குது மேடம். பின்னாடி ஒரு ஆளு தவழ்ந்து போற அளவுக்காவது இன்னொரு வழி வேணும். முன்னாடி பனி மூடிக்கிச்சுன்னா?"

"கதவு உள்பக்கமாத்தானே திறக்குது? பனி மூடினாலும் திறக்கலாம்."

"தொறக்கலாம் மேடம். தொறந்தா அங்க பனிதான் செவுரு மாதிரி நிக்கும்." கொஞ்சம் தயங்கினீர்கள். பிறகு முற்றத்தில் லாரிக்காகக் காத்திருந்த மீன் அறை ஒன்றைக் காட்டினீர்கள். "மீன் வைக்கிற ரூமுக்கு உள்ளேர்ந்து வர வழி வச்சிருக்கீங்க. மனுசன் படுக்கிற ரூமுக்கு இன்னொரு வழி வைக்கக் கூடாதா?"

முற்றத்தில் நின்ற தொழிலாளிகள் சிரித்துவிட்டார்கள். உங்களைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. நான் அதிகாரி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: "இரண்டாவது வழி வைத்தால் சூடு கசியும். அவர் சொல்வது பயம். நாங்கள் செய்திருப்பது கணக்கு. பயத்தை வைத்து வடிவமைக்க முடியாது."

உங்களுக்கு ஆங்கிலம் புரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் விறைப்பாக நின்று நேரே பார்த்தீர்கள். அதிகாரி, "அவர் கருத்தைக் குறித்துக்கொண்டு பரிசீலியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடலூர் பஸ் நிலையத்தில் உங்களைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன். அங்கே யாரும் இல்லை என்பதால் மறுபடியும் நான் உங்களுக்குப் பாப்பா ஆகியிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்: "பயம்னு சொன்னியே, அது வாஸ்தவம்தான் பாப்பா. அங்க பயந்தவன்தான் உசுரோட ஊருக்கு வர்றான்." கோபமாகச் சொல்லவில்லை. "அத மட்டும் யோசிச்சுப் பாரு" என்றீர்கள். பஸ் கிளம்பிவிட்டது.

யோசிக்காமல் இல்லை. ஒரு வாரம் அதைப் போட்டு வரைந்தேன். பின்பலகையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு. அதை வைத்ததும், நாங்கள் ஒப்புக்கொண்டிருந்த சூட்டின் அளவு கொஞ்சம் குறைந்தது, பலகையின் எடை கொஞ்சம் கூடியது. இரண்டையும் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் வேண்டும். மேலாளர் கேட்டார்: "அவங்க எழுத்துல கேட்டிருக்காங்களா?" இல்லை என்றேன். "அப்ப விடுங்க."

அன்று முற்றத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பை நான்தான் எழுதினேன். "பயன்படுத்துவோர் தரப்பில் மாற்றம் எதுவும் கோரப்படவில்லை." இந்த வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. கருத்து சொல்லப்பட்டது, நேரமின்மையால் ஏற்க முடியவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் கேள்வி வரும். அதனால் உங்களை அந்த முற்றத்திலிருந்தே அழித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த குளிர்காலம் அந்தக் குடில் உங்கள் முகாமுக்குப் போனது, நீங்களும் அதில் தங்கினீர்கள். அங்கே என்ன நடந்தது என்பதை நீங்கள் எனக்கு விரிவாகச் சொன்னதே இல்லை. விசாரணைத் தாள்களில் படித்ததும், பிறகு வேறொருவர் வாயால் கேட்டதும்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் விடாமல் பனிப்புயல். தகடுகள் மேல் பனி மூடி மின்சாரம் வருவது நின்றது. மின்கலத்தில் இருந்ததும் தீர்ந்தது. இரண்டாம் நாள் முற்பகலில், ஒரு மூலையில் இருந்த பழைய மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தீர்கள். வேறு வழியில்லை. புகைக்குழாயின் வாயையும் பனி அடைத்திருந்தது. பழைய பங்கராக இருந்தால் ஆயிரம் ஓட்டை இருந்திருக்கும், காற்று எப்படியாவது புகுந்திருக்கும். என் குடிலில் காற்றுப் புகாது என்பதுதான் என் பெருமை. அது பொய்யில்லை. புகவில்லை.

உங்களோடு ஐந்து பேர். அடுப்பின் நச்சுக்காற்று உள்ளேயே தேங்கியதில் முதலில் ஒருவருக்குத் தலைவலி. பிறகு ஒருவர் வாந்தி எடுத்தார். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தீர்கள். நீங்கள் அன்று முற்றத்தில் சொன்னது போலவே பனி சுவராக நின்றது. மண்வெட்டியால் வெட்ட வெட்ட மேலிருந்து சரிந்து நிரம்பியது. வெட்டிக்கொண்டிருந்தவரே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அப்போது நீங்கள் சட்டைப் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தீர்கள். பின்பலகைக்கு அந்தப் பக்கம் பாறை. பாறைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி உண்டு, அங்கே பனி விழாது என்று உங்களுக்குத் தெரியும். கொக்கிகள் உறைந்து இறுகியிருந்தன. கையுறையோடு சாவியைப் பிடிக்க முடியவில்லை. கழற்றிவிட்டீர்கள். அந்தக் குளிரில் வெறுங்கையால் இரும்பைப் பிடித்துத் திருப்பி, ஆறு கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையைச் சாய்த்தீர்கள். காற்று வந்தது. ஐந்து பேரையும் அந்தச் சந்து வழியாக இழுத்துப்போட்டீர்கள். பிறகு அதே கையால் புகைக்குழாயைத் தோண்டி எடுத்தீர்கள்.

எல்லோரும் பிழைத்தார்கள். உங்கள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், இந்தக் குறையை முன்பே யாராவது சுட்டிக்காட்டினார்களா என்று. உங்கள் பதிலின் நகல் எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. என் மேஜைக்குத்தான் வந்தது. "நான் வாயால் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காதது என் தவறு." யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "கூட்டமாக இருந்தார்கள், நினைவில்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கா நினைவில்லை? அந்த வரியைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா மாமா? பெருமூச்சு விட்டேன். தப்பித்தோம் என்ற மூச்சு. அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக் கோர்த்தேன். எங்கள் தரப்பு அறிக்கையில் "எதிர்பாராத அளவு பனிப்பொழிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் கேளுங்கள். அடுத்து வந்த குடில்களில் பின்வாசல் வைத்தோம். வைக்காமல் இருக்க முடியுமா? அந்த வரைபடத்தில் "வடிவமைப்புப் பிரிவின் மேம்பாடு" என்று போட்டு என் பெயர் இருந்தது. ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகினேன். அக்காவிடம் காட்டவில்லை.

நீங்கள் ஊருக்கு வந்த பிறகு ஸ்ரீமுஷ்ணத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் நீங்கள். இலையில் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்கள். சோற்றைப் பிசைய உங்கள் வலது கை முயன்றது. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் சோற்றில் அலைந்தன, எதுவும் திரளவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, ஸ்பூன் இருந்தா ஒண்ணு குடுப்பா" என்று மெல்லக் கேட்டீர்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், தெரியாமல், "என்னா, மிலிட்டரிக்காரரு, வெள்ளக்காரன் மாதிரி ஸ்பூன்ல சாப்புடறீங்க?" என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். "பழகிடுச்சுங்க" என்றீர்கள். நான் பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு வேலை இருக்கிறது என்பேன். தீபாவளிக்குப் பஸ் கூட்டம் என்பேன்.

சொல்லிவிடுவது என்று ஒரு முறை வந்தேன். நீங்கள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். நல்ல வெயில் நேரம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எதிர்க்கடைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கண்ணாடி டம்ளரை இடது கையில் பிடிக்கப் பழகியிருந்தீர்கள். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னா பாப்பா, ஏதோ சொல்ல வந்தாப்புல இருக்குது?"

"ஒண்ணும் இல்ல மாமா. இந்தப் பக்கம் ஒரு வேலை. சும்மாதான் பாத்துட்டுப் போலாம்னு."

"சரி. தோணறப்ப சொல்லு. நான் எங்க போயிடப் போறேன்" என்றீர்கள். பிறகு வெள்ளரிப் பிஞ்சு வாங்கி என் பையில் போட்டு, ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டீர்கள். அன்று நீங்கள் எனக்காக ஒரு கதவைத் திறந்துவைத்தீர்கள். நான் வெளியே வரவில்லை.

நீங்கள் போனது மாரடைப்பில். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். விரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னாராம். அதைக் கேட்டபோதும் எனக்குள் அந்தப் பழைய பெருமூச்சு எழப் பார்த்தது. என்னை நானே அருவருத்தது அப்போதுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். அன்று குடிலுக்குள் இருந்த ஐந்து பேரில் ஒருவர், நாயக் பதவியில் இருந்தவர் என்றாள் அக்கா. சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அந்தக் குடிலை வரைஞ்சது நான்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவேண்டும் என்றும் விரும்பினேன்.

"நீங்கதானா அது?" என்றார். "அன்னிக்கு எங்களுக்கெல்லாம் பயம். சாப் அந்தக் கொக்கியத் திருப்பிக்கினே, 'பயப்படாதீங்கடா, இது என் மச்சினிச்சி செஞ்ச ரூமு, எங்க எப்படித் தொறக்கும்னு எனக்குத் தெரியும்'ன்னாரு. அந்தச் சத்தம்தான் எனக்குக் காதுல கடைசியா வுழுந்துது. அப்புறம் மயங்கிட்டேன்." பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "உள்ள கதகதப்பாத்தான் இருக்கும் மேடம். அதுக்கு முன்னாடி இருந்த பங்கர்ல பாட்டில் தண்ணியே கல்லாயிடும். அதயும் சொல்லணும் இல்ல?" என்றார்.

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போனேன். அக்கா பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்தில் பேசிய ஆங்கிலம், அந்த ஒரு வரி, பெருமூச்சு, சால்வை, எல்லாம்.

அக்கா கையில் இருந்த தவலையைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பவே சொன்னாரு. நான் அன்னிக்கே ஒங்கிட்ட வந்து சண்ட போடறேன்னேன். வேணாம்னுட்டாரு. 'நாம போய்க் கேட்டா அவ ஏதாவது காரணம் சொல்லிடுவா. காரணம் சொல்லிட்டா அப்புறம் உண்மையச் சொல்ல முடியாது அவளால. அவளா வரட்டும்'ன்னாரு. ஏழு வருசம் செல்வி. நீ வர்றப்பல்லாம், இன்னிக்குச் சொல்லுவான்னு பாப்பாரு."

நான் அழுதேன். அக்கா என்னைத் தொடவில்லை.

"வெரலு போனதுக்கு அவரு ஒரு நாளும் வருத்தப்படல. நீ நல்ல நாளு கெட்ட நாளுக்கு வர்றதக் கொறச்சுக்கிட்ட பாரு, அதுக்குத்தான் வருத்தப்பட்டாரு. 'எம்மேல என்னா கோவம் அவளுக்கு'ன்னு கேப்பாரு. கிண்டலாத்தான் கேப்பாரு. எனக்கு வயிறு எரியும்." மறுபடியும் தவலையை எடுத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லி என்னாத்துக்கு? எங்க எழுதுனியோ அங்க போயி மாத்தி எழுது."

எழுதினேன் மாமா. அந்த வாரமே. நிறுவனத்துக்கு ஒன்று, உங்கள் படைப்பிரிவுக்கு ஒன்று. பின்வாசல் வேண்டும் என்று சொன்னவர் யார், எந்த முற்றத்தில், எந்த வார்த்தைகளில் சொன்னார், அதை மறைத்து எழுதியது யார், பிறகு வந்த பின்வாசல் யாருடைய யோசனை என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்: "இப்ப எதுக்கு மேடம் இதெல்லாம்? யாரும் கேக்கலையே?" யாரும் கேட்காததால்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. குடில் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மீன் அறைகளைச் சோதிக்க அனுப்பினார்கள். அது நியாயம்தான். படைப்பிரிவிலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது, தங்கள் கடிதம் உரிய கோப்பில் சேர்க்கப்பட்டது என்று. எழுதி அனுப்பியதும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. உங்கள் பதிலில் "என் தவறு" என்று இருக்கிறதே, அந்தத் தாளும் அதே கோப்பில்தான் இருக்கிறது. அதை என்னால் அழிக்க முடியாது.

அக்கா என்னோடு பேசுகிறாள். தேவைக்குப் பேசுகிறாள். அதுவே எனக்கு அதிகம்.

போன வாரம் பரங்கிப்பேட்டையில் ஒரு சின்ன ஐஸ் கூடத்துக்குப் போயிருந்தேன். மீன் கூடை சுமக்கிற ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும், என்னை வழிமறித்தாள். "வாசப்படிய ஏன் இம்மாம் ஒசரம் வச்சிருக்கீங்க? கூடையோட தாண்ட முடியல. நேத்து ஒருத்தி வுழுந்துட்டா" என்றாள். உயரம் வைத்ததற்கு என்னிடம் காரணம் இருந்தது, குளிர் கசியாமல் இருப்பதற்கு. சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவள் பெயரைக் கேட்டு எழுதினேன். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். எழுதியதை அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீயே படிம்மா" என்றாள்.

நின்று, சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினேன். அவள் கூடையை இடுப்பில் இறக்கிவைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

"ஆமா" என்றாள். "நான் சொன்னது இதான்."

உங்களுக்கு நான் படித்துக் காட்டியதே இல்லை, மாமா.